பழைய பற்றரி டெஸ்டர்: தேடுவது, திருத்துவது, பயன்படுத்துவது – ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவுக்கு 2009 இல் பாலம் வருவதற்கு முன்னர், ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் அக்கரைக்குப் போவோம். இறங்கும் துறையடியில் ஒரு பலசரக்குக் கடை இருந்தது. அங்கே பற்றரி கேட்டால் கடைக்காரர் எடுத்த எடுப்பில் கையில் தந்துவிடமாட்டார். மேசையோடு ஆணியடித்து வைத்திருந்த ஒரு பலகைத் துண்டில் அதை நிறுத்துவார். அடியில் பித்தளைத் தகடு, மேலே வளைத்த கம்பி, பக்கத்தில் ஒரு டோர்ச் மின்குமிழ். குமிழ் வெள்ளையாக எரிந்தால் பற்றரி நம் கைக்கு வரும். மஞ்சளாக எரிந்தால் அது பெட்டிக்குள் திரும்பிவிடும், வேறொன்றை எடுப்பார்.

1990களில் வடக்கிற்குக் கொண்டுபோகத் தடைவிதிக்கப்பட்ட பொருள்களுள் பற்றரியும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். எங்கள் பக்கத்திலும் சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் பற்றரி கொண்டு செல்வது இலகுவாக இருக்கவில்லை. ஓய்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து, அடுத்த நாள் செய்திக்கு மட்டும் வானொலியைத் திறந்த வீடுகள் பல. ஒரு பற்றரியில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது அப்போது பெரிய கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லச் செய்யப்பட்ட சிறிய கருவிகளை நான் பதினைந்து ஆண்டுகளாகச் சேர்த்துவருகிறேன். சேர்க்க விரும்புவோருக்கும், வீட்டில் ஒன்று கிடந்து அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாதவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது: சுமை

இன்று எல்லோரிடமும் மல்டிமீட்டர் இருக்கிறது; பள்ளிப் பாடநூல் அதைப் பல்மானி என்று சொல்லும். ஓய்ந்த பற்றரியொன்றின் இரு முனைகளிலும் அதை வைத்துப் பாருங்கள்: 1.4 வோல்ட் காட்டும். அதே பற்றரியை டோர்ச்சில் போட்டால் வெளிச்சம் வராது. மீட்டர் பொய் சொல்லவில்லை. அதன் தடை ஏறத்தாழ 10 மெகா ஓம். அது பற்றரியிடமிருந்து மின்னோட்டம் எடுப்பதே இல்லை என்று சொல்லலாம். சும்மா உட்கார்ந்திருப்பவரிடம் சுகம் விசாரித்தால் ‘நலம்’ என்றுதான் சொல்வார். ஒரு மூட்டையைத் தூக்கச் சொன்னால்தான் உடம்பின் நிலை தெரியும். பற்றரியிடமிருந்து மின்னோட்டம் எடுக்கும் எதுவும் அதற்குச் சுமைதான்.

பற்றரி பழசாகும்போது அதன் மின்னியக்க விசை, அதாவது சுமையில்லாதபோது காட்டும் அழுத்தம், மெல்லத்தான் குறைகிறது. விரைவாக ஏறுவது அகத்தடை, அதாவது பற்றரியின் உள்ளேயே இருக்கும் தடை. கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். சுமையில்லாமல் 1.45 வோல்ட் காட்டும் பற்றரிக்குக் குறுக்கே 10 ஓம் தடையியை இணைக்கிறோம். அழுத்தம் 1.0 வோல்ட்டுக்கு இறங்குகிறது. ஓடும் மின்னோட்டம் 0.1 அம்பியர், உள்ளே தொலைந்தது 0.45 வோல்ட், ஆகவே அகத்தடை 4.5 ஓம். இந்தப் பற்றரி முடிந்த கதை. இன்னொன்றை எடுங்கள்: 1.52 இலிருந்து 1.47 க்கு மட்டுமே இறங்குகிறது. அகத்தடை ஏறத்தாழ 0.34 ஓம். இது நல்ல பற்றரி. சுமையில்லாமல் பார்த்தபோது இரண்டுக்கும் இருந்த வித்தியாசம் வெறும் 0.07 வோல்ட்.

பழைய டெஸ்டர்களின் பெட்டிக்குள் இருப்பது ஊசி மட்டுமல்ல, ஒரு சுமைத் தடையியும்தான். துறையடிக் கடைப் பலகையில் அந்த வேலையைக் குமிழ் செய்தது. நான் இவற்றை மதிப்பதற்கு அழகு ஒரு காரணம். இந்த நேர்மை அதைவிடப் பெரிய காரணம்.

எந்த எந்த வகை கிடைக்கும்

மிகப் பழையது, பைக்கடிகாரம் போல வட்டமாக, நிக்கல் பூசிய பித்தளையில் செய்தது. அடியில் ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்திலிருந்து துணி சுற்றிய கம்பியொன்று வரும். சிலவற்றில் வோல்ட் அளவு, சிலவற்றில் அம்பியர் அளவு, சிலவற்றில் இரண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொலைபேசிக்கும் அழைப்பு மணிக்கும் இயந்திரத் தீப்பொறிக்கும் பயன்பட்ட ‘6ஆம் இலக்க’ உலர்மின்கலத்தைச் சோதிக்கச் செய்தவை இவை. அந்த மின்கலம் 6 அங்குல உயரம், 2½ அங்குல விட்டம். புதியதாக இருந்தால் குறுஞ்சுற்றில், அதாவது இரு முனைகளையும் நேரே இணைத்தால், 30 அம்பியரை அண்டி ஓடும். அம்பியர் அளவுள்ள பைக்கடிகார டெஸ்டர் பற்றரியை நேரடியாகக் குறுஞ்சுற்றாக்கித்தான் அளக்கிறது. இந்த ஒரு விடயத்தை மறந்துவிடாதீர்கள். பின்னர் மீண்டும் வருகிறேன்.

அடுத்தது, பல துளைகளோ சுழலும் ஆளியோ கொண்ட பேக்லைட் (பழைய வகைக் கடின பிளாஸ்டிக்) பெட்டி. வால்வு வானொலிக் காலத்தைச் சேர்ந்தது. முகப்பில் 1.5 வோல்ட், 9 வோல்ட் ஆகியவற்றோடு 45, 67½, 90 என்ற எண்களும் இருக்கும். வால்வுகளின் இழையைச் சூடாக்க ‘ஏ’ பற்றரி, தகட்டுக்கு உயர் அழுத்த ‘பி’ பற்றரி என்று அந்த வானொலிகளுக்கு இரண்டு தேவைப்பட்டன.

1960கள் முதல் 1980கள் வரையான பிளாஸ்டிக் டெஸ்டர்கள்தான் அதிகம் கிடைப்பவை. சிவப்பு, மஞ்சள், பச்சை வலயங்கள். நகரும் ஒரு கை அல்லது வெவ்வேறு அளவுக்கான பள்ளங்கள். ஜப்பான், ஹொங்கொங் தயாரிப்புகளே பெரும்பாலும். அமெரிக்காவின் ரேடியோஷாக் கடைகள் மைக்ரோண்டா என்ற பெயரில் விற்றவை நன்றாக உழைப்பவை. தொடங்குகிறவர் இந்த வகையில் தொடங்கட்டும்: விலை குறைவு, திருத்துவது எளிது, இன்றைய பற்றரிக்கும் பயன்படும்.

1990களில் பற்றரி உறையிலேயே அச்சிட்டு வந்த பட்டைகளும் உண்டு. இரு முனையையும் அழுத்தினால் மின்கடத்தும் மை சூடாகி, வெப்பத்துக்கு நிறம் மாறும் பூச்சு மிச்சத்தைக் காட்டும். நம் ஈரப்பதத்தில் நீண்ட நாள் தாங்குவதில்லை. கிடைத்தால் பொலித்தீன் உறையில் அடைத்துவையுங்கள்.

கடைசியாக, எவரும் சேகரிப்புப் பொருளாக நினைக்காத ஒன்று: துறையடிக் கடையில் இருந்ததைப் போன்ற கையால் செய்த பலகை. என் பார்வையில் எல்லாவற்றிலும் அரியது இதுதான். தொழிற்சாலைப் பொருள் உலகில் எங்கேனும் இன்னொன்று இருக்கும். இது ஒன்றே ஒன்று. பழைய கடையொன்று மூடப்படுவதாகக் கேள்விப்பட்டால் முதலில் அதன் மேசையைப் போய்ப் பாருங்கள்.

முகப்பில் உள்ள குறிகளை வாசிப்பது

பிரித்தானியக் கருவிகளில் பற்றரியின் அளவு யு2, யு11, யு7 என்று இருக்கும். யு2 என்பது நம் பெரிய டோர்ச் பற்றரி, யு11 நடுத்தரம், யு7 பென்டோர்ச் பற்றரி. பிற்காலத்தில் இவையே எஸ்பி2, எச்பி2 என்று முன்னெழுத்து மாறின. ஜப்பானியக் கருவியில் அதே வரிசை யுஎம்-1, யுஎம்-2, யுஎம்-3. சர்வதேசக் குறியீட்டில் ஆர்20, ஆர்14, ஆர்6. பிபி3 என்றால் இன்றைய 9 வோல்ட் பெட்டிப் பற்றரி. பிபி9 அதே 9 வோல்ட், ஆனால் உருவத்தில் பெரியது.

காலத்தைக் கணிக்கவும் குறிகள் உதவும். ‘மேட் இன் வெஸ்ட் ஜேர்மனி’ என்றால் 1949 க்கும் 1990 க்கும் இடைப்பட்டது. ‘எம்பயர் மேட்’ என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஹொங்கொங் பொருள். ‘ஒக்கியுப்பைட் ஜப்பான்’ என்று கண்டால் 1952 க்கு முந்தியது; கவனமாக எடுத்து வையுங்கள்.

எங்கே தேடுவது

திருகோணமலையில் நான் மூன்று இடங்களை நம்புகிறேன். வானொலி திருத்திய பழைய கடைகள் முதலாவது. கடை இப்போது கைப்பேசி திருத்தும் இடமாக மாறியிருந்தாலும் பின்னறையில் ஒரு பெட்டி இருக்கும். இரண்டாவது, ஒளிப்பட நிலையங்கள். பிளாஷ் விளக்குக்கும் ஒளிமானிக்கும் பற்றரி சோதிக்காமல் அவர்களால் கலியாண வீட்டுக்குப் போயிருக்க முடியாது. மூன்றாவது, பழைய இரும்புக் கடை. இங்கே பொருள் நிறுவைக்குப் போய்விடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கிண்ணியாவில் நான் போகும் கடையில், “நானா, மீட்டர் போல ஊசி உள்ள எது வந்தாலும் உடைக்காமல் ஒதுக்கி வையுங்கள்” என்று ஒரு பேக்லைட் மீட்டரையே மாதிரிக்குக் காட்டிவிட்டு வந்தேன். சொல்லைவிட மாதிரி உதவுகிறது. அவர் இரும்பின் விலைக்குத் தர முன்வந்தாலும் அதற்கு மேல் கொடுங்கள். அடுத்த தடவையும் அவர் நினைவில் நீங்கள் இருக்க வேண்டும்.

கொழும்புக்குப் போனால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு மின்னணு உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போனது. தடையிகளை அங்கே வாங்கலாம். இலண்டனிலும் கனடாவிலும் இருக்கும் உறவினரிடமும் கேளுங்கள். அங்கே வாரச் சந்தைகளில் இவை மலிவு. பொதி அனுப்பும்போது உள்ளே பற்றரி இருந்தால் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிரித்தானியக் கடற்படை 1957 இல் தளத்தைக் கையளிக்கும்வரை திருகோணமலை பெரிய இராணுவத் துறைமுகம். அக்காலத்துக் கருவிகள் இன்றும் வீடுகளில் உண்டு. முகப்பின் எண்களும் ஊசியும் தடித்த மங்கிய மஞ்சள் அல்லது பழுப்புப் பூச்சோடு இருந்தால் அது ரேடியம் பூசிய ஒளிர்முகப்பாக இருக்கலாம். இருட்டில் ஒளிரவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். ஓய்ந்தது ஒளிதரும் துத்தநாக சல்பைட்டு. ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். அப்படியொன்றைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். நான் வாங்குவதே இல்லை.

வாங்குமுன் கையில் எடுத்துப் பார்ப்பது

மெல்லச் சாய்த்து ஊசி தடையின்றி ஆடுகிறதா என்று பாருங்கள். இடையில் நின்றால் உள்ளே துருத்தூள் இருக்கலாம், அல்லது முகப்பு பிளாஸ்டிக்கில் நிலைமின் ஏற்றம் இருக்கலாம். பின்னையது பெரிய குறையே அல்ல. சட்டைப்பையில் ஒரு புதிய பென்டோர்ச் பற்றரி எப்போதும் வைத்திருங்கள். வைத்துப் பார்த்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

பற்றரியைத் தலைகீழாகவும் ஒருதரம் வையுங்கள். ஊசி இடப்பக்கம் முட்டினால் அது இயங்குசுருள் வகை. உள்ளே நிலைக்காந்தம் உண்டு. அதே பக்கம் ஏறினால் பெரும்பாலும் இயங்கிரும்பு வகை. அளவுகோலைப் பார்த்தும் சொல்லலாம்: இயங்குசுருளில் கோடுகள் சம இடைவெளி, இயங்கிரும்பில் தொடக்கத்தில் நெருங்கிப் பின்னர் அகலும். ஊசி அசையவே இல்லையென்றாலும் உடனே கைவிட வேண்டாம். சுருள் அறுந்ததா, ஈயப் பற்று விட்டதா என்று வீட்டில் பார்க்கலாம். உடைந்த கண்ணாடியும் வளைந்த ஊசியும் திருத்தக்கூடியவை. முகப்புத் தாள் கரைந்து அழிந்திருந்தால் மட்டும் நான் விட்டுவிடுவேன்.

சுத்தம் செய்வது

உப்புக் காற்று இந்த ஊரின் உலோகங்களுக்கெல்லாம் எதிரி. பற்றரிக் கசிவு அதைவிடக் கெட்டது. கசிவு எந்தப் பற்றரியிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து மருந்து மாறும். சாதாரண துத்தநாக–காபன் பற்றரியின் கசிவு அமிலத் தன்மையுள்ளது: அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பழைய பல்தூரிகையால் தேயுங்கள். அல்கலைன் பற்றரியின் வெள்ளைப் படிவு காரம்: ஒரு துளி தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ போதும். மாற்றிப் போட்டால் அழுக்கு அப்படியே இருக்கும். கையுறை அணியுங்கள், கண்ணில் படவிடாதீர்கள். பின்னர் சிறிதளவு சுத்த நீர், அதன்மேல் மருந்துக்கடையில் கிடைக்கும் சத்திரசிகிச்சை ஸ்பிரிட், பின்பு நிழலில் ஒரு நாள். ஊசி இருக்கும் பகுதிக்குள் இவற்றில் எதுவும் போகக்கூடாது.

நிக்கல் பூச்சின் மேல் அரத்தாளையோ பித்தளை மினுக்கும் திரவத்தையோ கொண்டு போகாதீர்கள். பூச்சு மெல்லியது, ஒருதரம் பித்தளை தெரிந்தால் மீளாது. சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும். அதே துணியால் பிளாஸ்டிக் முகப்பைத் துடைத்து மென்படலம் தங்கவிட்டால், ஊசியை இழுத்துவைக்கும் நிலைமின்னும் போய்விடும். ஊசியின் அச்சுக்கு எண்ணெய் விடவே கூடாது. கடிகார எண்ணெய் என்றாலும் கூடாது. தூசியைப் பிடித்துவைத்து ஊசியை நிறுத்திவிடும்.

சரிபார்ப்பது

பலரும் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். சரிபார்க்காத டெஸ்டர் அலமாரிப் பொருள்தான்.

முதலில் ஊசியைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் சிறிய திருகாணி இருந்தால் அதற்காகத்தான். கருவி படுத்த நிலையில் பயன்படுவதென்றால் படுத்த நிலையிலேயே பாருங்கள். அடுத்து, பற்றரி இல்லாமல் டெஸ்டரின் இரு தொடுமுனைகளுக்கு இடையே மல்டிமீட்டரால் தடையை அளவுங்கள். 1.5 வோல்ட் நிலையில் சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை இருந்தால் உள்ளே சுமை இருக்கிறது. ஆயிரக்கணக்கில் இருந்தால் அது சுமையற்ற வெறும் வோல்ட்மானி, அல்லது சுமைத் தடையி எரிந்துவிட்டது. பெட்டியைத் திறந்து தனியே கழற்றிய ஊசிப் பகுதியில் மட்டும் இப்படி அளக்க வேண்டாம். மல்டிமீட்டர் செலுத்தும் மின்னோட்டமே மெல்லிய ஊசியை வேகமாக முட்டவைத்து வளைத்துவிடும்.

பழைய காபன் கலவைத் தடையிகள் ஈரத்தாலும் வயதாலும் தடை ஏறுபவை. 10 ஓம் என்று வண்ண வளையம் சொல்லும். அளந்தால் 14 இருக்கும். சுமை குறைந்துவிட்டதால் ஓய்ந்த பற்றரியும் பச்சையில் நிற்கும். அதைக் கழற்றி எறியாதீர்கள். 33 ஓம் தடையி ஒன்றை அதற்குச் சமாந்தரமாக ஈயம் பற்றவைத்தால் மொத்தம் 9.8 ஓம் ஆகிவிடும். மூலப் பாகம் இருந்த இடத்திலேயே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் புதியதைக் கழற்றலாம்.

பின்னர் மூன்று பற்றரிகள்: புதியது, பாதி உழைத்தது, டோர்ச்சில் எரியாதது. ஒவ்வொன்றையும் டெஸ்டரில் வைத்தபடியே மல்டிமீட்டரையும் தொட்டு, ஊசி எங்கே நின்றது, அந்நேரம் அழுத்தம் எவ்வளவு என்று ஒரு சிறு அட்டையில் எழுதுங்கள். அந்த அட்டை கருவியோடு ஒரே பெட்டியில் இருக்கட்டும்.

பயன்படுத்துவது

பற்றரியை வைத்து மூன்று முதல் ஐந்து விநாடி பாருங்கள். ஊசி ஏறி நின்றால் நல்லது. ஏறிவிட்டு மெல்ல இறங்கிக்கொண்டே போனால், நின்ற இடம் பச்சையானாலும் அந்தப் பற்றரியை நம்ப வேண்டாம். சற்றுமுன் டோர்ச்சிலிருந்து கழற்றியதென்றால் அரை மணி நேரம் ஓய்வு கொடுத்துச் சோதியுங்கள். கடலுக்குப் போகும் டோர்ச்சுக்கு மட்டும் இந்த ஓய்வைக் கொடுக்காமல் சோதிக்க வேண்டும். களைத்த நிலையில் அது என்ன தரும் என்பதுதான் அங்கே தேவையான விடை.

மூன்று பற்றரி போடும் டோர்ச்சில் மூன்றையும் தனித்தனியே சோதியுங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் கெட்டிருக்கும். அதன் அகத்தடை மற்ற இரண்டையும் கட்டிப்போடுகிறது. மஞ்சள் வலயத்தில் நிற்பதை எறிய வேண்டாம். சுவர்க் கடிகாரத்துக்கு மிகச் சிறிய மின்னோட்டமே போதும். அங்கே அது இன்னும் மாதக்கணக்கில் உழைக்கும்.

வலயங்கள் துத்தநாக–காபன் பற்றரிக்காக வரையப்பட்டவை என்பதை நினைவில் வையுங்கள். மீள மின்னேற்றும் நிக்கல் பற்றரியின் அழுத்தம் 1.2 வோல்ட், முழுதாக நிறைந்திருந்தாலும் மஞ்சளில் நிற்கலாம். 1.5 வோல்ட் லித்தியம் பற்றரி கடைசிவரை பச்சையில் நின்றுவிட்டுத் திடீரென விழும். அதற்கு இந்தக் கருவி பதில் சொல்லாது. சிஆர்2032 போன்ற காசு வடிவப் பற்றரியின் அகத்தடை புதியதிலேயே பத்து ஓமுக்கு மேல். சில மில்லி அம்பியருக்கு மேல் இழுப்பது அதற்கு நல்லதல்ல. டோர்ச் பற்றரியின் பள்ளத்தில் அதைச் சோதித்தால் நல்ல பற்றரியையும் கெட்டதென்று தள்ளிவிடுவீர்கள்.

அல்கலைன் பற்றரியை மேசையில் செங்குத்தாகப் போட்டுத் துள்ளுகிறதா என்று பார்க்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. உள்ளிருக்கும் துத்தநாகக் களி ஒட்சைட்டாக மாறி இறுகும்போது துள்ளல் கூடுவது உண்மை. ஆனால் பாதி தீர்ந்த உடனேயே அது உச்சத்தை அடைந்துவிடுகிறது. துள்ளினால் புதியதல்ல என்று மட்டும் சொல்லலாம். முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இனி, முன்னர் சொன்ன அம்பியர் டெஸ்டர். என்னிடம் இருந்தவற்றுள் மிக அழகானதை நானே எரித்தேன். மோட்டார் சைக்கிள் பற்றரியின் முனைகளில் வைத்துவிட்டேன். ஒரு தீப்பொறி, துணி கருகும் மணம், பிறகு ஊசி அசையவில்லை. நூறு ஆண்டு தாங்கியதை ஒரு விநாடியில் இழந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஈய–அமிலப் பற்றரி, கைப்பேசிப் பற்றரி, மீள மின்னேற்றும் எந்தப் பற்றரி என்றாலும் அம்பியர் டெஸ்டரைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். அவற்றின் அகத்தடை மிகச் சிறியது. குறுஞ்சுற்று மின்னோட்டம் கருவியையும் விரலையும் சுடும், லித்தியம் என்றால் தீயே பற்றும். சாதாரண டோர்ச் பற்றரியில் ஒரு விநாடி தொட்டு எடுக்கலாம். அதற்குமேல் வேண்டாம்.

பேணுவது

வாடைக் காற்று தொடங்குமுன், ஒக்டோபர் முதல் வாரத்தில் என் பெட்டிகளைத் திறக்கிறேன். மூடி இறுக்கமான பிஸ்கட் தகரங்கள். ஒவ்வொன்றிலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் ஒரு பொதி. நிறம் மாறியிருந்தால் அடுப்பின் இளஞ்சூட்டில் உலர்த்தித் திரும்ப வைப்பேன். இயங்குசுருள் கருவிகளை ஒலிபெருக்கியின் அருகில் வைப்பதில்லை. அதன் காந்தம் அளவீட்டைக் குழப்பும். துணி சுற்றிய கம்பிகளை மடிக்காமல் பெரிய வளையமாகச் சுற்றுங்கள். மடித்த இடத்தில் உள்ளிருக்கும் இறப்பர் பொடிந்துவிடும். அட்டையில் எழுதிய மூன்று அளவுகளையும் அன்றைக்கு ஒருதரம் மீண்டும் எடுத்து, திகதியோடு அதன் கீழே எழுதுகிறேன். இரண்டு ஆண்டு எண்களுக்கு இடையே வித்தியாசம் தெரிந்தால் முதலில் தொடுமுனைகளைத் துடைத்துப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் மட்டும் பெட்டியைத் திறந்து சுமைத் தடையியை அளவுங்கள்.